ஹீட்டர் இருந்த இடம்

சிங்கப்பூரில் ஹீட்டர் விற்கிற கடை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஹீட்டர்களோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தகரக் கூரை போட்ட ஒரு ஸ்டோர். அதன் மூலையில் ஒரு ரேக். தரையிலிருந்து கூரை தொடும்வரை ஹீட்டர். மத்தியானமானால் கூரையிலிருந்து சூடு சொட்டும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி அந்தச் சூட்டையே வாரி வாரி எங்கள் மேல் கொட்டும். ஹீட்டர்கள் மட்டும் எண்ணெய்க் காகிதத்தைப் போர்த்திக்கொண்டு அட்டைப் பெட்டிக்குள் சுகமாகப் படுத்திருக்கும், எங்கேயோ பெய்யப்போகும் பனிக்காக.

நான் பட்டாளத்து ஆள் இல்லை. பட்டாளத்து வண்டிகளின் உதிரிபாகங்களை வைத்துக் காக்கும் ஒரு கம்பெனியின் சம்பளக்காரன். காலையில் தேக்காவில் ரயில் ஏறுவேன். டோபி காட் நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நடக்கிற அந்த நீண்ட நடையில் ஏதாவது ஒரு வரி தோன்றும். ரயில் பூமிக்கு அடியிலிருந்து வெளியே வந்து வெயில் கண்ணில் அடித்ததும் அந்த வரி ஆவியாகிவிடும். மார்சிலிங்கில் இறங்கும்போது கையில் மிஞ்சுவது சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான். அப்புறம் ஒரு பஸ். மழைமரங்கள் இருபுறமும் கைகோத்து நிற்கும் ஒரு சாலை. அதன் முடிவில் எங்கள் ஸ்டோர். எந்தச் சாலை என்று கேட்காதீர்கள், சொல்லக்கூடாது.

உதிரிபாகத்தின் வாழ்க்கை முழுக்கக் காத்திருப்புதான். பிரேக் காத்திருக்கும், பெல்ட் காத்திருக்கும், ரப்பர் வளையம் காத்திருக்கும், தேய்ந்துபோன இன்னொன்றின் இடத்தில் போய் உட்காரும் நாளுக்காக. வண்டியே ஓய்வுபெற்றுவிட்டால் அந்தக் காத்திருப்பு மட்டும் மிச்சமாக நிற்கும். அந்த மிச்சத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஸ்டோரில் அதற்குப் பெயர் செத்த சரக்கு. என்னைத் தேட வேண்டுமென்றால், "செத்த சரக்கு எங்கப்பா?" என்று குரல் வரும். நானும் "இதோ வந்துட்டேன்" என்று போய் நிற்பேன்.

ஹீட்டர் வந்த கதை எளிது. ஒரு காலத்தில் குளிர் நாடு ஒன்றிலிருந்து லாரிகள் வாங்கினார்கள். வாங்கும்போதே, பின்னால் எது கெட்டாலும் மாற்றுவதற்கு உதிரிபாகத்தையும் மொத்தமாக வாங்கிவிடுவது வழக்கம். குளிர் நாட்டுக்காரன் தன் ஊர்க் கணக்கில் பாகங்களை அனுப்பினான். அவன் ஊரில் முதலில் கெட்டுப்போவது டிரைவர் காலடியில் சூடு ஊதும் ஹீட்டர். ஆகவே ஹீட்டர் நிறைய வந்தது. இங்கே அந்த லாரிகள் வெயிலில் ஓடின, வெயிலில் வேர்த்தன, வெயிலிலேயே கிழடு தட்டிப்போயின. பிரேக் தேய்ந்தது, ரேடியேட்டர் ஒழுகியது, கண்ணாடி உடைந்தது. ஹீட்டர் சுவிட்சை ஒருத்தரும் தொடவில்லை. தொடாத பொருள் எப்படிக் கெடும்? கடைசி லாரியை இரும்புக்குப் போட்டபோது அதன் மற்ற பாகமெல்லாம் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. ஹீட்டர் மட்டும் வந்த கணக்குக் குறையாமல் இருந்தது.

எங்கள் ஸ்டோரில் ரேக்கிலிருந்து சாமான் எடுத்துக்கொடுக்கிற வேலையில் ஓர் அக்கா இருந்தார். தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். முட்டிவலி. முட்டி தேய்ந்த அளவுக்கு நாக்கு தேயவில்லை. நான் எழுதுகிறவன் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, கோபம் வந்தால் "கவிஞரே" என்றும், வராதபோது "தம்பி" என்றும் கூப்பிடுவார். பெரும்பாலும் கவிஞராகவே இருந்தேன்.

சாப்பிட உட்காரும் இடமும் தொழுகை அறையும் மைதானத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் இருந்தன. உச்சி வெயிலில் மைதானத்தைக் கடந்து போய், கைகால் கழுவி, தொழுது, சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். மழை வந்தால் அதுவும் இல்லை. மின்னல் எச்சரிக்கை ஒலித்துவிட்டால் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்பது உத்தரவு. ஆகவே அக்கா ஹீட்டர் ரேக்குக்கு முன்னால் ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிடுவார். எழுந்திருக்கும்போது ரேக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்பார். ரேக்கும் கூடவே முனகும்.

ஒருநாள் டின்னிலிருந்து எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்து எழுந்தவர், ஹீட்டர்களை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, இதுங்களுக்கு ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு தட்டு. எனக்கு ஒரு பெயிண்ட் டின்னு. நாங்க ரெண்டு பேர்ல யாரு செத்த சரக்கு?"

அன்றைக்கே என்சிக்கிடம் போனார். இங்கே வாரண்ட் ஆபீசரை எல்லா இனத்தாரும் என்சிக் என்றுதான் அழைப்பது. எங்கள் என்சிக் மலாய்க்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய பெருமூச்சு. ஸ்டோருக்குள்ளேயே ஒரு சின்ன அறை வேண்டும், உட்கார்ந்து சாப்பிட, ஓர் ஓரத்தில் பாய் விரித்துத் தொழ, என்று அக்கா கேட்டார். மலாயும் இங்கிலீஷும் கலந்து, அக்காவை மலாய் வழக்கப்படி 'காக்' என்று கூப்பிட்டு, இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வையும் சேர்த்து என்சிக் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"காக், எனக்கும் ஆசைதான். இடம் எங்க இருக்கு? அந்த மூலை ஒன்னுதான். ஹீட்டர் போனா ரூம். ஹீட்டர் போகலைன்னா ரூம் இல்ல. என் கையில ஒன்னும் இல்ல லா."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செத்த சரக்கு என் பொறுப்பு அல்லவா.

ஹீட்டரை ஒழிக்க ஒரே ஒரு கையெழுத்து போதும்: இது இனி தேவையில்லை. யாராவது அதிகாரம் உள்ளவர் அதைப் போட வேண்டும். நான் போனை எடுத்தேன். வண்டி ஓட்டுகிற பிரிவில் ஒருவர் சிரித்தார். "அந்த லாரியா? அதெல்லாம் எப்பவோ போயிடுச்சே."

"அப்ப ஹீட்டர் தேவையில்லைன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்."

சிரிப்பு நின்றது. "கையெழுத்தா... முதல்ல வெச்சிருங்க லா."

ரிப்பேர் பார்க்கிற பிரிவில் இன்னொருவர் ஆழமாக யோசித்தார். "ஒருவேளை அதே லாரியை மறுபடியும் வாங்கினா?"

"அந்த மாடல் செய்யறதையே நிறுத்திட்டாங்க சார்."

"அப்படியா? அப்ப ரொம்பக் கவனமா வெச்சிருங்க. வெளியில கிடைக்காது."

நான் யாரையும் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். தேவையில்லை என்று சொன்னவனின் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும். என்றைக்காவது தேவைப்பட்டால் அவனைத் தேடி வருவார்கள். வெச்சிருங்க என்று சொன்னவனை யாரும் தேடி வருவதில்லை. என் சட்டைப்பையிலேயே மை தீர்ந்த பேனா இரண்டு எப்போதும் இருக்கும். தூக்கிப் போட்ட மறுநாள் எழுதத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

கடைசியில் எல்லாப் பிரிவும் ஒருமனதாக ஒரு மேஜரைக் காட்டின. பொறியியல் பிரிவு, நம் தமிழர், வேறொரு முகாமில் இருந்தார், எப்போதாவது எங்கள் ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு எழுதினேன். "பார்த்தேன்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா டின்னிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேக்கா சந்தைக்கு மேலே உள்ள புளோக்கில்தான் என் வீடு. கறி வாங்க இறங்கிப் போனால், கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அக்கா. தொடைக்கறி சொல்லிவிட்டு, கடைக்காரர் வெட்டுவதை ஒரு நீதிபதியின் முகத்தோடு கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

"கவிஞரே, அங்க பாருங்க. பச்சை யூனிஃபார்ம் இல்லாம நிக்கிறது யாரு?"

மேஜர். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மறு கையில் தண்ணீர் சொட்டும் மீன் பை. பக்கத்தில் அவர் மனைவி வேப்பம்பூ விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்க்கா, ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமைன்னு என் முட்டி லீவு போட்டிருக்கா?" என்றவர் ஈரத்தரையில் விறுவிறுவென்று நடந்து போனார். முட்டிவலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "தம்பி! மேஜர் தம்பி!"

மேஜர் திரும்பினார். மேஜர் தம்பி என்று அவரை அதுவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "நீங்க...?"

"ஹீட்டர்" என்றார் அக்கா.

மேஜரின் முகம், கடன்காரனைக் கண்ட முகமாக மாறியது. "ஓ. அந்த ஹீட்டர். அது ப்ராசஸ்ல இருக்குக்கா."

"நானும் டின்னுலதான் இருக்கேன் தம்பி."

"அவசரப்பட முடியாதுக்கா. பின்னாடி தேவைப்பட்டா, யாரு தூக்கிப் போடச் சொன்னதுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க. தேக்காவுல பனி பெய்யுற அன்னைக்குக் கேப்பாங்க."

கறிக்கடைக்காரரின் கத்தி பாதியில் நின்றது. மீன்காரர் எட்டிப் பார்த்தார். மேஜரின் மனைவி வேப்பம்பூவை விட்டுவிட்டுத் திரும்பினார். "என்னங்க ஹீட்டர்?"

அக்கா சொன்னார். லாரியில் தொடங்கி முட்டியில் முடித்தார். கேட்டு முடித்த அந்த அம்மாள் புருஷனைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவர்கிட்டயா கேக்கறீங்க? எங்க வீட்டு பாம் ஷெல்ட்டரைத் திறந்து பாருங்கக்கா. ரைஸ் குக்கர் மூடி மட்டும் நாலு இருக்கு. குக்கர் ஒன்னுகூட இல்ல."

"மூடி நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேஜர், மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

இங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் கனத்த இரும்புக் கதவு போட்டு ஒரு சின்ன அறை வைப்பார்கள், குண்டு விழுந்தால் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ள. குண்டு விழும்வரை அதில் மூடிகள் ஒளிந்திருக்கும்.

"அந்தக்கா உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் கேக்கறாங்க" என்றார் மனைவி. "நாளைக்குக் கையெழுத்து போடறீங்க. இல்லைன்னா நாலு மூடியும் இன்னைக்கே கீழ போயிடும்."

மேஜர் முருங்கைக்காயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார். கண்ணெதிரே ஒரு மனிதன் மூடிகளுக்காக ஹீட்டரைக் கைவிடுவதை அன்றுதான் கண்டேன். திங்கட்கிழமை நான் ஸ்டோருக்குள் நுழையும் முன்னாலேயே கையெழுத்து வந்திருந்தது.

பட்டாளத்துப் பொருளை அப்படியே வெளியே கொடுக்க முடியாது. யாருக்கும் பயன்படாதபடி நசுக்க வேண்டும். நசுக்குவதை நான் நின்று பார்க்க வேண்டும். இரும்புப் பட்டறையில் ராட்சதக் கை ஒன்று ஹீட்டர்களை அள்ளி இறக்கியது. எண்ணெய்க் காகிதம் கிழிந்து, உள்ளே இருந்த செம்புச் சுருள்கள் ஒரே ஒரு கணம் வெயிலில் மின்னின. வாழ்நாளில் முதல்முறையாக அவை சூடேறின. ஒரு துளி குளிரைக்கூட விரட்டாமலே ஒரு குளிர்காலம் முழுக்க நசுங்கிப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அக்காவிடம் வந்து சொன்னேன். "அழுவாதீங்க கவிஞரே" என்றார். "கொஞ்சம் நகருங்க, பலகை வருது."

அந்த மூலையில் ரேக்கைக் கழற்றிவிட்டு பிளைவுட் பலகையால் தடுத்து ஓர் அறை கட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சீன அங்கிள் தன் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தார். என்சிக் வெந்நீர்க் கெட்டில் கொடுத்தார். நான் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினேன். அது இரண்டு நாளில் நின்றுவிட்டது, யாரும் எடுக்கவில்லை, இருக்கட்டும் என்றார்கள். ஓரத்தில் திரைபோட்டு அக்கா தன் தொழுகைப் பாயை விரித்தார். நடுவில் ஒரு நீள மேசை. எல்லாம் வந்தது, நாற்காலி மட்டும் வரவில்லை. நாற்காலிக்கு வேறு பிரிவாம், விண்ணப்பம் போயிருக்கிறதாம். ஆகவே நாங்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு சாப்பிட்டோம். அக்கா தன் டின்னை உள்ளே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். மேசைக்கு மேலே அவர் தலை மட்டும் தெரியும். ஆனால் அந்தத் தலை சிரித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் எல்லோருக்கும் தேங்காய்ச் சோறும் சம்பாலும் கொண்டுவந்திருந்தார்.

சம்பாலின் காரம் நாக்கை விட்டு இறங்கிச் சில மாதம் ஆகியிருக்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்தார். வாசனைதான் முதலில் இறங்கியது, பச்சைப் பைன் மரத்தின் வாசனை, ஈரமும் பிசினும் கலந்து. நான் போயிராத காடு ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது. அப்புறம் பெட்டிகள் தெரிந்தன. புத்தம் புதிய மரப்பெட்டிகள். மேலே ஒட்டியிருந்த சீட்டை என்சிக் படித்தார். மறுபடி படித்தார்.

"அலமாக்" என்றார், மலாய்க்காரரின் 'ஐயையோ' அது.

ஹீட்டர்.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கீழெல்லை உண்டு. இருப்பு அதற்குக் கீழே போனால் ஆர்டர் தானாகப் போய்விடும். ஹீட்டரை நசுக்கியதும் இருப்பை நான் பூஜ்யமாக்கினேன். ஆனால் கீழெல்லையை அழிக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது, அது வாங்குகிற பிரிவின் கையில். அழித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். முதல்ல வெச்சிருங்க லா. எல்லை இருக்கிறது, ஹீட்டர் இல்லை. கம்ப்யூட்டர் பதறிப்போய்க் குளிர் நாட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டது. அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்ட பாகம்தான். ஆனாலும், எங்கேயோ ஒரு வெயில் ஊர் இத்தனை ஆசையாகக் கேட்கிறதே என்று இரக்கப்பட்டுத் தனியாகச் செய்து, பழையபடி அட்டையில் வைக்காமல், தடித்த பைன் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டார்கள்.

மேஜர் போட்டது பழைய ஹீட்டர்களுக்கான கையெழுத்து. புதியவற்றுக்குப் புதிய கையெழுத்து வேண்டும். மேஜரோ வேறு வேலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார், மூடிகளோடு. அவர் இடத்துக்கு வந்தவருக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். புது ஆள், மரியாதையானவர், முழுக்கக் கேட்டார். "இப்பத்தானே வந்திருக்கு?" என்றார். "முதல்ல வெச்சிருங்க."

என்சிக் ஒரு பெருமூச்சு விட்டார். எங்கள் ஸ்டோரில் கேட்ட பெருமூச்சுகளிலேயே அதுதான் நீளமானது. "காக், எனக்கு வேற வழியில்ல. வந்த சாமானுக்கு இடம் காட்டணும். அந்த மூலைதான் அதோட இடம். அடுத்த வாரம் பலகையைப் பிரிச்சிடுவோம், ரேக்கைத் திருப்பி மாட்டணும்."

அக்கா அறைக்குள் போனார். தொழுகைப் பாயைச் சுருட்டினார். திரையைக் கழற்றி மடித்தார். டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பலகைச் சுவருக்கு வெளியே, பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தார். அந்த டின் தரையில் பட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. வீட்டுக்குப் போகிற ரயிலில் எனக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை.

அன்று எங்களுக்குப் பிறகும் வேலையில் இருந்தவர் சீன அங்கிள்தான். மழை கொட்டத் தொடங்கியிருக்கிறது. வாசலில் இருந்த பெட்டிகள் நனையக்கூடாது. உள்ளே எங்கு பார்த்தாலும் சாமான். காலியாகக் கிடந்த ஒரே இடம் எங்கள் அறை. அவர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய், மேசைக்கு இரண்டு பக்கமும் வழி விட்டு வரிசையாக வைத்தார். வைத்த சாமானை ஸ்கேன் செய்யாமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. முதலில் பெட்டியில் உள்ள பார்கோடு கோடுகளை ஸ்கேன் செய்ய வேண்டும், அப்புறம் இடத்தின் கோடுகளை. சுற்றிப் பார்த்திருக்கிறார். அறைக்குள் இருந்த தூணில் பழைய ரேக்கின் இடச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. ரேக்கைக் கழற்றியவர்கள் அதை உரிக்கவில்லை. பின்னாடி தேவைப்பட்டால்? அங்கிள் பெட்டியை ஸ்கேன் செய்தார், தூணை ஸ்கேன் செய்தார். கம்ப்யூட்டர் பீப் என்றது. வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஃபிரிட்ஜிலிருந்து தன் தண்ணீர்ப் புட்டியை எடுக்க அக்கா அந்த அறைக்குள் போனார். போனவர் திரும்பவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மேசைக்கு முன்னால் ஒரு ஹீட்டர் பெட்டியின் மேல், கால் இரண்டும் தரையில் சரியாகப் பதிய, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முட்டி ஒழுங்காக மடங்கியிருந்தது. உள்ளங்கையால் பெட்டியைத் தடவினார்.

"தம்பி" என்றார். "உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தேன். மேசை சரியாக என் நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. குளிர் நாட்டு ஆசாரி எங்கள் மேசையை அளந்துவிட்டுப் போய்ச் செய்ததுபோல் இருந்தது. சீன அங்கிள் வந்து எதிரே உட்கார்ந்தார். "கான் லா" என்றார், ஆகும் என்பதைத்தான் அப்படிச் சொல்வார். டப்பாக்கள் திறந்தன.

பலகை பிரிப்பதற்கு நாள் சொல்ல வந்த என்சிக் வாசலிலேயே நின்றார். அக்கா ஒரு பெட்டியைக் காட்டினார். அந்தப் பெரிய உடம்பு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. பெட்டி முனகவில்லை. அக்கா அவர் பக்கமாகச் சம்பாலைத் தள்ளினார். இரண்டு வாய் சாப்பிட்டதும் என்சிக் என்னைக் கேட்டார்:

"இந்த ஹீட்டர் இப்ப கம்ப்யூட்டர்ல எங்க இருக்குன்னு காட்டுது?"

"இங்கதான் என்சிக்."

"இங்கன்னா?"

"நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அங்க."

மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். தூணைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அப்ப சாமான் இருக்க வேண்டிய இடத்துலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப எதுக்குப் பிரிக்கணும்?" என்று எங்களையே கோபமாகக் கேட்டுவிட்டு, சம்பாலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் திரை மறுபடி ஏறியது. டின்னை அக்கா தூக்கிப் போடவில்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

தணிக்கை வந்தது. கையில் ஸ்கேனரோடு ஓர் இளம்பெண், சாப்பாட்டு நேரத்திலேயே வந்துவிட்டாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்திருங்க ப்ளீஸ்" என்றாள். கையில் சோற்றோடு எழுந்து நின்றோம். ஒவ்வொரு பெட்டியாக ஸ்கேன் செய்தாள், தூணை ஸ்கேன் செய்தாள். கணக்கு பிசகில்லை. போகும்போது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"பெட்டி மேல ஏன் மெத்தை?"

"தூசி படாம இருக்கம்மா" என்றார் அக்கா. அவள் மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக்கொண்டாள்.

இப்போது பெரிய மாற்றம் வந்திருக்கிறது. எல்லா ஸ்டோர்களையும் ஒன்றாக்கி, இயந்திரமே எடுத்து இயந்திரமே வைக்கும் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் ஸ்டோரில் ரேக்குகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது. சாமானைப் பிரித்து அனுப்பும் வேலைக்கு எங்கள் நாலு பேரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். புதுக் கட்டடத்தில் உயிருள்ள சரக்குக்கு மட்டும்தான் இடம். செத்த சரக்கை இருந்த இடத்திலேயே முடித்துவிட்டு வர வேண்டுமாம்.

போன வாரம், திட்டப் பிரிவிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். நம் தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கலாம். வெற்றுத் தரை முழுக்க அளந்துகொண்டே வந்தவர் எங்கள் பலகைச் சுவரில் முட்டி நின்றார். கதவைத் திறந்தார். உள்ளே நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இது என்ன ரூம்? இதையும் காலி பண்ணணுமே."

"ரூம் இல்ல தம்பி, ஸ்டோர்" என்றார் அக்கா. "தாராளமாக் காலி பண்ணுங்க. நாங்க ரெடி. இந்த ஹீட்டர் தேவையில்லைன்னு மேல யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க."

"அவ்வளவுதானே? இப்பவே கேட்டுடறேன்."

அவர் சுறுசுறுப்பான ஆள். நின்ற இடத்திலேயே போனை எடுத்தார். லாரியையும் ஹீட்டரையும் விளக்கினார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு. நாங்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். என்சிக் கண்ணை மூடிக்கொண்டார், பிரார்த்தனையோ தூக்கமோ. யாராவது ஒரு துணிச்சல்காரன், ஒரே ஒருவன், அந்தப் பக்கம் இருந்துவிட்டால்?

அறை அமைதியாக இருந்ததால் போனிலிருந்து அந்தக் குரல் எங்களுக்கும் தெளிவாகவே கேட்டது. முதலில் ஒரு நீண்ட யோசனை. அப்புறம், "கையெழுத்தா... முதல்ல வெச்சிருங்க லா."

பையன் போனைப் பையில் போட்டார். நாடாவைச் சுருட்டினார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அக்கா நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஹீட்டரைத் தட்டிக் காட்டினார்.

"நின்னுக்கிட்டே இருக்காதீங்க தம்பி. உட்காருங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."